தேய்ந்துபோன வாசல் படி: மேல்பூச்சா, இடித்துக் கட்டுவதா?

கடற்காற்று (தண்டையார்பேட்டை), பிப்ரவரி 2, காலை 7:40

எங்கள் வீடு தண்டையார்பேட்டையில், கடற்கரைக்கு நடந்தே போய்விடுகிற தூரத்தில் இருக்கிறது. அப்பா 1987இல் கட்டியது. தெருவிலிருந்து நேராக நாலு படி, அதற்கு மேல் வாசக்கால். படிகளின் விளிம்பு முழுக்க உதிர்ந்து ஜல்லி தெரிகிறது. நடுவில் கிண்ணம் மாதிரி குழிந்திருக்கிறது, மழை விட்டு ஒரு மணி நேரமானாலும் அதில் தண்ணீர் நிற்கும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு காண்ட்ராக்டர் மேலே ஒரு பூச்சு போட்டுக் கொடுத்தார். இரண்டாவது மழைக்காலத்தில் அது அப்பளம் மாதிரி பெயர்ந்து வந்துவிட்டது.

போன வாரம் அம்மா மேல் படியில் தடுமாறி விழுந்துவிட்டார். 74 வயது. நல்லவேளை எலும்பு முறியவில்லை, மணிக்கட்டில் வீக்கம் மட்டும்தான். இனியும் தள்ளிப்போட முடியாது. ஒரு மேஸ்திரி, "பழசைக் கொத்திட்டு ரெண்டு இன்ச் காங்கிரீட் போட்டுடலாம் சார், ஒரே நாள் வேலை" என்கிறார். இன்னொருவர் கிரானைட் ஒட்டச் சொல்கிறார். முழுசாக இடித்துக் கட்டினால் பத்து நாள் வீட்டுக்குள் போக வர முடியாதே என்று பயமாக இருக்கிறது. பின்வாசல் கிடையாது. என்ன செய்யலாம்?

மொட்டைமாடி (பெரம்பூர்), பிப்ரவரி 2, காலை 8:15

கிரானைட் போடுங்க ப்ரோ. சமையல் மேடை வேலையில் மிஞ்சின துண்டுக் கல்லே நாலு படிக்கு வரும், விலையும் பாதிதான். பார்க்கவும் பளிச்சென்று இருக்கும்.

எர்ணாவூர் அக்கா, பிப்ரவரி 2, காலை 8:52

பளிச்சென்று இருக்கும், உண்மைதான். ஐப்பசி தூறலில் எங்கள் மாமனார் அந்தப் பளபளப்பின் மேல்தான் சறுக்கி, இரண்டு படிக்குக் கீழே உட்கார்ந்தார். அதற்குப் பிறகு கறுப்புச் சொரசொர டேப் வாங்கி ஒட்டினோம். வெயிலிலும் தண்ணீரிலும் ஒரு மாசத்தில் சுருண்டு, அதுவே காலை இடறியது. தம்பி, வாசலில் பாலிஷ் கல் வேண்டவே வேண்டாம். கல்தான் என்று மனசு அடித்துக்கொண்டால், நெருப்பு வைத்துச் சொரசொரப்பாக்கிய ஃப்ளேம் கல்லாகக் கேளுங்கள். அதுவும் ஆடிப்போன படி மேல் ஒட்டினால் நிற்காது.

பழைய மேஸ்திரி (கொருக்குப்பேட்டை), பிப்ரவரி 2, மதியம் 1:30

தம்பி, கல்லா சிமென்டா என்பதை அப்புறம் பேசலாம். முதலில் ஒரு சுத்தியலை எடுத்துப் படியெல்லாம் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். ணங்கென்று கேட்கிறதா, டொப்பென்று கேட்கிறதா? அப்புறம் ஒரு டேப் எடுத்து, தெருவிலிருந்து முதல் படிக்கு எவ்வளவு, அங்கிருந்து அடுத்ததற்கு எவ்வளவு என்று வாசக்கால் வரைக்கும் அளந்து எழுதுங்கள். மொத்தமாக வேண்டாம், ஒவ்வொன்றும் தனித்தனியாக. டேப்பைக் குழியில் வைக்காமல் ஓரத்தில் வைத்து அளந்து பாருங்கள். அம்மா ஏறும்போது விழுந்தார்களா, இறங்கும்போதா? அதையும் கேட்டுச் சொல்லுங்கள்.

கடற்காற்று, பிப்ரவரி 2, இரவு 9:10

அளந்துவிட்டேன் அண்ணே. கீழிருந்து மேலே: 3½, 6½, 6½, 7½, கடைசியாக வாசக்காலுக்கு 5½ இன்ச். கூட்டினால் 29½. தட்டினால் பாதி இடத்தில் டொப்பென்றுதான் கேட்கிறது. கீழ்ப் படியில் ஒரு மூலையில் பானையைத் தட்டினது போல இருக்கிறது.

அம்மாவிடம் கேட்டேன். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லையாம். மேல் படியில் நின்று கம்பிக் கதவைத் தன் பக்கம் இழுத்திருக்கிறார். கதவு வெளியே திறக்கிற கதவு, அதற்கு வழிவிட ஒரு கால் பின்னால் வைத்தாராம். "கால் வைச்ச இடத்துல படியைக் காணோம்" என்கிறார்.

பழைய மேஸ்திரி, பிப்ரவரி 3, காலை 6:20

இந்த ஐந்து எண்ணிலேயே உங்கள் வீட்டுக் கதை முழுக்க இருக்கிறது தம்பி.

உங்கள் அப்பா காலத்தில் எல்லாப் படியும் ஆறரை ஆறரையாகத்தான் கட்டியிருக்கிறார்கள். நடுவில் இரண்டும் இன்னும் அப்படியே இருக்கிறது பாருங்கள். தெருவில் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் மூன்று இன்ச் ஏறி, முதல் படியைத் தின்றுவிட்டது. அதனால் அது மூன்றரை. மேல் படியில் மட்டும் அந்தக் காண்ட்ராக்டர் போட்ட ஒரு இன்ச் பூச்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் அங்கே ஏழரை, அதற்கு மேல் ஐந்தரை.

தேய்ந்த படியை விட ஏறுமாறான படிதான் ஆபத்து. இரண்டு படி ஏறினதும் கால் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளும், அதற்கப்புறம் கண் கீழே பார்க்காது. நடுவில் ஒரு இன்ச் கூடினாலும் குறைந்தாலும் கால் ஏமாந்துவிடும். உங்கள் அம்மா ஆறரை இருக்கும் என்று கால் விட்டிருப்பார்கள், அங்கே ஏழரை இருந்திருக்கிறது. விளிம்பும் உதிர்ந்து கிடக்கிறது, அப்புறம் எங்கே நிற்பது?

இப்போது அந்த ஒரே நாள் வேலையைப் பார்ப்போம். மேல் படிப் பூச்சைக் கொத்திவிட்டு எல்லாப் படிக்கும் இரண்டு இன்ச் போட்டால் என்ன ஆகும்? கீழே 5½, நடுவில் மூன்றும் 6½, வாசக்காலுக்கு 4½. தெருவில் இருந்த கோளாறைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் வைத்த மாதிரிதான். டொப்பென்று கேட்கிற இடத்தின் மேல் போடுகிற எதுவும் அடியோடு சேர்ந்து பெயரும் என்பது வேறு. ணங்கென்று கேட்டு, உயரமும் சமமாக இருந்து, விளிம்பு மட்டும் உடைந்திருந்தால் நானே பூசச் சொல்லியிருப்பேன். இதை இடிக்கத்தான் வேண்டும்.

29½-ஐ ஐந்தால் வகுத்தால் 5.9 வரும். வயசானவர்களுக்கு அருமையான உயரம். வாசக்காலிலிருந்து உங்கள் மனைக்கோடு வரைக்கும் எவ்வளவு தூரம்?

கடற்காற்று, பிப்ரவரி 3, காலை 7:05

சரியாக 42 இன்ச். அகலம் 4 அடி.

பழைய மேஸ்திரி, பிப்ரவரி 3, காலை 7:30

கால் வைக்கிற மிதி நாலு, ஒவ்வொன்றுக்கும் பத்தரை இன்ச் ஆழம். தாராளம் இல்லை, ஆனால் போதும்.

கியூப் டெஸ்ட் (மணலி), பிப்ரவரி 3, காலை 10:48

மேஸ்திரி அண்ணன் கணக்கு அப்படியே சரி. 29½ இன்ச் என்பது 749 மி.மீ., ஐந்தால் வகுத்தால் படிக்கு 150 மி.மீ. தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீட்டுப் படிக்கு உயரம் 190 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, மிதி 250 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்கிறது. உங்கள் பத்தரை இன்ச் 267 மி.மீ. வருகிறது.

நான் சேர்க்க வேண்டியது உப்பைப் பற்றி. வடசென்னையில் காங்கிரீட்டுக்கு இரண்டு பக்கத்திலிருந்து உப்பு வருகிறது, மேலே கடல் காற்று, கீழே போர் தண்ணீர். உள்ளே கம்பி இருந்தால் உப்பில் இருக்கிற குளோரைடு போய் அதைத் துருப்பிடிக்க வைக்கும். துரு இரும்பை விடப் பல மடங்கு இடம் கேட்கும், காங்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். கம்பியே இல்லாவிட்டாலும் உப்பு சும்மா இருக்காது. உப்புத் தண்ணீர் நுண்துளைக்குள் இறங்கி, வெயிலில் காய்ந்து, உள்ளேயே படிகமாக வளரும். அது வளர வளர மேல்தோல் செதில் செதிலாக உதிரும். காலையும் மாலையும் நனைந்து நடுப்பகலில் காய்கிற வாசல் படிக்கு இதை விட மோசமான வாழ்க்கை கிடையாது.

ஒரு கேள்வி. வாசல் தெளிப்பது எந்தத் தண்ணீரில்? ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கம் உண்டா?

கடற்காற்று, பிப்ரவரி 3, மதியம் 12:15

இரண்டுக்கும் ஆமாம் சார். 37 வருஷமாகப் போர் தண்ணீர்தான். லாரித் தண்ணீரை வாசலில் தெளித்தால் எங்கள் வீட்டில் கொலை விழும். ஆசிட்டும் உண்டு, பொங்கலுக்குப் பொங்கல், பெயின்ட் கறை போக. நான்தான் ஊற்றுவேன். நுரை பொங்கி வருவதைப் பார்த்து அழுக்கு போகிறது என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

கியூப் டெஸ்ட், பிப்ரவரி 3, மதியம் 12:40

நுரைத்தது உங்கள் சிமென்ட்.

தரையில் உட்காருகிற கெட்டிப் படிக்குக் கம்பியே தேவையில்லை. "ஸ்ட்ராங்கா இருக்கட்டும்" என்று வீட்டில் கிடந்த துண்டுக் கம்பியை யாராவது உள்ளே போட வந்தால் தடுத்துவிடுங்கள். போட்டே ஆகவேண்டிய இடம் என்றால், கடலோரத்துக்கு ஐஎஸ் 456 (காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி) கேட்பது எம்30 என்கிற பலம் கூடின காங்கிரீட்டும் கம்பிக்கு மேல் 45 மி.மீ. மூடலும். நாலு படிக்கு அந்தப் பாடு எதற்கு? கம்பியில்லாமல் எம்20, அதாவது சிமென்ட், மணல், ஜல்லி 1:1½:3 போதும். மூட்டைக்கு 25 லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது, ஈர மணலில் இருப்பதையும் சேர்த்து. கலவை இளகலாக இருந்தால் கொத்தனாருக்குச் சுகம், படிக்குக் கேடு. சிமென்ட் பிபிசி (சாம்பல் கலந்தது) அல்லது ஸ்லாக் சிமென்ட் (இரும்பாலைக் கசடு கலந்தது), உப்பை இரண்டும் நன்றாகத் தாங்கும்.

கலக்கும் தண்ணீரில் குளோரைடு, கம்பி உள்ள காங்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மி.கி. வரை, கம்பி இல்லாததற்கு 2,000 வரை இருக்கலாம் என்பது ஐஎஸ் கணக்கு. உங்கள் போர் தண்ணீர் இந்த இரண்டில் எந்தப் பக்கம் என்று சோதிக்காமல் சொல்ல முடியாது. கலக்கவும் நனைக்கவும் லாரித் தண்ணீர் பிடித்து வைத்துவிடுங்கள். கொலை விழாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

ஏரியாக்காரன் (புதுவண்ணாரப்பேட்டை), பிப்ரவரி 3, மாலை 6:22

எல்லாம் சரிப்பா, தெரு மறுபடியும் ஏறினால்? முதல் படியை ஒன்பது இன்ச்சாகக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தடவை தார் போட்டால் தானாகச் சரியாகிவிடும். நான் அப்படித்தான் செய்தேன்.

பழைய மேஸ்திரி, பிப்ரவரி 3, இரவு 8:05

அது வரைக்கும் உங்கள் வீட்டுக்கு வருகிற தபால்காரர் மலை ஏறுகிறாரா? பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதுசு போட வேண்டும் என்று இப்போது உத்தரவே இருக்கிறது. சுரண்டாமல் போட வந்தால் தெருக்காரர்கள் சேர்ந்து நின்று கேளுங்கள், மாநகராட்சிப் புகார் எண் 1913-க்கு அடியுங்கள். என்றைக்கோ வரப்போகிற தாருக்காக இன்றைக்கு ஒரு கோணல் படி கட்டி அதில் அம்மாவை ஏற்றாதீர்கள்.

தம்பி, இன்னொன்று. மனைக்கோட்டுக்கு வெளியே அரை இன்ச் கூடப் போகாதீர்கள். மழைநீர் வடிகால் வேலை வந்தால், தெருவில் நீட்டிக்கொண்டிருக்கிற படியைத்தான் முதலில் உடைப்பார்கள்.

ஏரியாக்காரன், பிப்ரவரி 3, இரவு 8:31

தபால்காரர் கீழேயிருந்து குரல் கொடுப்பார். நான் இறங்கிப் போவேன்.

எர்ணாவூர் அக்கா, பிப்ரவரி 4, காலை 9:40

ஆம்பளைகள் எல்லோரும் ஜல்லி சிமென்ட் என்று பேசுகிறீர்கள், அந்தக் கம்பிக் கதவை மறந்துவிட்டீர்களே! பத்தரை இன்ச் மிதியில் நின்றுகொண்டு வெளியே திறக்கிற கதவை இழுத்தால், யாராக இருந்தாலும் பின்னால்தான் கால் வைக்க வேண்டும். படி 5.9 ஆனாலும் அம்மா மறுபடி விழுவார்கள். வெல்டிங் பட்டறையில் சொல்லிக் கீலை மாற்றி, கதவை உள் பக்கம் திறக்க வையுங்கள். அரை நாள் வேலை.

இன்னொரு சமாச்சாரம் கோலம். படியில் பார்டர் போடுவீர்கள் என்றால் ரொம்பச் சொரசொரப்பாக விட்டால் மாவு நிற்காது, வழவழவென்று இழைத்தால் ஆள் நிற்காது. எங்கள் வீட்டில் மிதிக்கிற இடத்தைச் சொரசொரப்பாக விட்டு, நெட்டுக்குத்தாக இருக்கிற முகப்பை மட்டும் இழைத்துக் காவி அடித்தோம். கோலம் அந்த முகப்பில்தான்.

கடற்காற்று, பிப்ரவரி 4, காலை 10:15

அக்கா, கதவு எனக்குத் தோன்றவே இல்லை. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அந்தப் பொண்ணுக்கு மட்டும்தான் விஷயம் புரிஞ்சிருக்கு" என்றார்.

அம்மாவுக்கு வேறு ஒரு கவலை. நாலு படி என்றால் லாபம், நஷ்டம், லாபம், நஷ்டம் என்று நஷ்டத்தில் முடிகிறதாம்.

பழைய மேஸ்திரி, பிப்ரவரி 4, காலை 11:00

வாசக்காலையும் சேர்த்து எண்ணச் சொல்லுங்கள். ஐந்து, லாபம். நாற்பது வருஷமாக இதைச் சொல்லித்தான் பிழைக்கிறேன்.

கடற்காற்று, மார்ச் 1, மாலை 5:20

வேலை முடிந்தது. விவரமாக எழுதுகிறேன், இன்னொருவருக்கு உதவும்.

பழைய மேஸ்திரி அண்ணன் சொன்ன ஒருவரையே பிடித்தேன். அம்மாவைப் பெரம்பூரில் சித்தி வீட்டில் விட்டுவிட்டேன். முதல் நாள் பிரேக்கர் மெஷின் வைத்து உடைத்தார்கள். 1987இன் காங்கிரீட் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது வெறும் செங்கல் கட்டு. மேலே ஒன்றரை இன்ச் காங்கிரீட், அவ்வளவுதான். பானை மாதிரி கேட்ட அந்த மூலைக்கு அடியில் மண்ணே இல்லை. வடிகால் பக்கத்திலிருந்து பெருச்சாளி வளை, ஒரு ஆள் முழங்கை வரைக்கும் கையை விடலாம். நாங்கள் ஏறி இறங்கினது அதன் வீட்டுக் கூரை மேல்! வளையை உடைந்த செங்கல், ஜல்லி போட்டு இடித்து அடைத்து, வடிகால் பக்கம் முக்கால் அடி ஆழத்துக்குக் காங்கிரீட்டில் ஒரு தடுப்பு வைத்தார் மேஸ்திரி. அதற்கப்புறம் ஒரு அடி தோண்டி, தண்ணீர் விட்டுத் திம்ஸ் கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்தி, நாலு இன்ச்சுக்கு 1:4:8 அடிக்காங்கிரீட்.

இரண்டாம் நாள் பலகை அடித்தார்கள். பழைய மேஸ்திரி அண்ணனும் வந்திருந்தார். வந்தவர் காபி கூடக் குடிக்காமல் டேப்பை நீட்டினார். மூன்றாவது பலகை கால் இன்ச் ஏறியிருக்கிறது என்று பிரித்து அடிக்க வைத்தார். ஒவ்வொரு மிதிக்கும் தெருப் பக்கம் கால் இன்ச் வாட்டம். படியும் வீட்டுச் சுவரும் சேரும் இடத்தில் அரை இன்ச் தெர்மாகோல் வைத்தார்கள். படி தனியாக உட்காரும், வீடு தனியாக உட்காரும், இரண்டையும் ஒட்டினால் விரிசல் விட்டுச் சுவருக்குள் தண்ணீர் போகும் என்றார். பிறகு தெர்மாகோலைச் சுரண்டி எடுத்துவிட்டு சீலன்ட் அடைத்தோம்.

நாலு மூட்டை சிமென்ட், ஏழரை கன அடி எம் சாண்ட், 15 கன அடி முக்கால் ஜல்லி. நாலு படியும் ஒரே மூச்சில். கடைசியில் கொத்தனார் பழக்கதோஷத்தில் ஒரு கை உலர்ந்த சிமென்டை மேலே தூவ வந்தார். அண்ணன் கையைப் பிடித்துவிட்டார். அப்படித் தூவி இழைக்கிற மேல்தோல்தான் முதலில் உரியுமாம். மணியாசுக் கட்டையால் (தேய்த்துச் சமப்படுத்துகிற மரக்கட்டை) மட்டம் பார்த்து, கொஞ்சம் இறுகினதும் தென்னந்துடைப்பத்தால் குறுக்கே ஒரு இழுப்பு. விளிம்பைக் கூராக விடாமல் லேசாக உருட்டினார்கள்.

பக்கப் பலகையை மறுநாள் பிரித்தோம். நனைந்த சாக்கு போட்டுப் பத்து நாள், முழுக்க லாரித் தண்ணீர். இரண்டு நாள் வரை படியில் கால் வைக்காமல், சென்ட்ரிங் பலகை இரண்டைச் சரிவாகச் சாய்த்து, பக்கவாட்டு ஜன்னல் திட்டு வழியாக ஏறி இறங்கினோம். பத்து நாள் என்று நான் பயந்தது இரண்டு நாளில் முடிந்தது. இடிபாட்டைத் தெருவில் கொட்டவில்லை, கொடுங்கையூரில் கட்டடக் கழிவை அரைக்கிற இடத்துக்கு மினி லாரியில் போய்விட்டது. கதவுக் கீல் மாற்றினது உட்பட 25,000-க்குள் வந்தது.

மொட்டைமாடி, மார்ச் 1, மாலை 6:02

போட்டோவில் சூப்பரா இருக்கு ப்ரோ. கைப்பிடி வைக்கவில்லையா? எஸ்எஸ் போட்டால் துருவே பிடிக்காது.

கியூப் டெஸ்ட், மார்ச் 1, இரவு 7:15

பிடிக்கும். எஸ்எஸ்ஸில் கடையில் சாதாரணமாகக் கொடுக்கிற 304 ரகம் கடல் காற்றில் பழுப்புப் புள்ளி புள்ளியாக வாங்கும். 316 தாங்கும், விலை அதிகம். ஜிஐ பைப் (துத்தநாகம் பூசின இரும்புக் குழாய்) வாங்கி பிரைமரோடு பெயின்ட் அடித்துக்கொண்டால், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை தொட்டு அடித்தால் போதும். ஒன்று மட்டும் கவனம், கைப்பிடிக் காலைப் புதுப் படிக்குள் துளை போட்டுப் புதைக்காதீர்கள். தண்ணீர் இறங்க வழி செய்து, உள்ளே இரும்பையும் வைத்தால், கம்பி வேண்டாம் என்று நான் சொன்னதற்கு அர்த்தமே இல்லை. பக்கச் சுவரில் பிளேட் வைத்துப் பிடியுங்கள்.

கடற்காற்று, மார்ச் 9, காலை 7:10

ஜிஐ பைப்தான், சுவரில் பிடித்தாகிவிட்டது. அம்மா முந்தாநாள் வந்தார். வாசக்காலையும் சேர்த்து எண்ணிக்கொண்டே ஏறினார், லாபத்தில் நின்றார். கதவை உள்ளே தள்ளித் திறந்தார். போர் தண்ணீர் வேண்டாம் என்றதற்கு மட்டும் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது. இப்போதைக்கு ஒப்பந்தம் இது: தெருவுக்குப் போர் தண்ணீர், படிக்கு அரிசியின் முதல் கழுவல் தண்ணீர், அது லாரித் தண்ணீர்தானே.

இடறினது நான்தான். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் கடைசிப் படியை மூன்றரை இன்ச் என்று நினைத்துக் கால் விட்டேன், இரண்டு தடவை. எதிர் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். என்ன விஷயம் என்று கேட்டார், சொன்னேன். நேற்று சாயங்காலம் என் டேப்பை வாங்கிக்கொண்டு போனவர் இன்னும் திருப்பித் தரவில்லை.